ரேட்ஸ் பில்லில் காட்டுக்கு ஒரு வரி

கேள்வி: அக்கா, போன வருடம் பிரிஸ்பேனில், குராபியில் வீடு வாங்கினோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கவுன்சிலில் (மாநகராட்சியில்) இருந்து வரும் ரேட்ஸ் (சொத்து வரி) பில்லில் 'புஷ்லேண்ட் ப்ரிசர்வேஷன் லெவி', அதாவது காட்டைக் காக்கும் வரி, என்று தனியாக ஒரு தொகை போட்டிருக்கிறார்கள். பொது ரேட்ஸ் கட்டுகிறோம், குப்பைக்குக் கட்டுகிறோம். காட்டுக்கு எதற்குத் தனியாக? வேண்டாம் என்று சொல்ல முடியுமா? மதுரையில் அப்பா கட்டும் சொத்து வரியில் இப்படி எதுவும் இல்லையே!
– குராபி வாசகர்

பதில்: அப்பா கட்டும் சொத்து வரிக்குள்ளும் இப்படி ஒன்று இருக்கிறது தம்பி. நூலக வரி. 1948-ல் வந்த நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு சேர்த்து வாங்குகிறார்கள், இப்போது 10 சதவீதம். நூலகத்துக்கு என்று சொல்லி வாங்கும் பணம் அது. உங்கள் பில்லில் இருப்பதும் அதே வகைதான், புத்தகத்துக்குப் பதில் காடு.

வேண்டாம் என்று சொல்ல முடியாது. ரேட்ஸில் அதுவும் ஒரு பகுதி, கட்டாமல் விட்டால் வட்டி ஏறும். தொகையை நிலத்தின் மதிப்பை வைத்துக் கணக்கிடுகிறார்கள். மேலே நீங்கள் கட்டியிருக்கும் வீட்டின் மதிப்பு அதில் வராது. பென்ஷன் வாங்குகிற வீட்டுக்காரர்களுக்கு ரேட்ஸில் சலுகை உண்டு.

சரி, எதற்குத் தனியாக? 1990-ல் இந்த வரியைத் தொடங்கியபோது நகரம் வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது. ஓரங்களில் இருந்த காடுகளில் நிறைய தனியார் நிலம். வீடு கட்ட உரிமை உள்ள ஒருவருடைய நிலத்தைக் கவுன்சில் திடீரென்று 'இனி இது காடு' என்று அறிவித்தால், குயின்ஸ்லாந்து சட்டப்படி அவர் நஷ்டஈடு கேட்கலாம். அதனால் காடு காடாகவே இருக்க வேண்டும் என்றால் காசு கொடுத்து வாங்குவதுதான் உறுதியான வழி. அதற்கு வருடா வருடம் கைக்கு வரும் பணம் வேண்டும். பொதுக் கணக்கில் போட்டால் ஒரு வருடம் ரோடு கேட்கும், அடுத்த வருடம் பாலம் கேட்கும், காடு வரிசையில் கடைசியில் நிற்கும். இப்படி இதுவரை 4,000 ஹெக்டேருக்கும் மேல் காப்பாற்றியிருக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் இருந்து கொஞ்ச தூரத்தில்தான் கரவாத்தா காடு. ஏறக்குறைய 900 ஹெக்டேர். அங்கே இருந்தவர்கள் வருடக்கணக்கில் போராடி, இந்த வரிப் பணமும் சேர்ந்துதான் அது மிஞ்சியது. காம்ப்டன் ரோட்டில் போகும்போது தலைக்கு மேலே மரம் முளைத்த ஒரு பாலம் வருமே, பார்த்திருப்பீர்கள். ரோட்டை நாலு வழியாக அகலப்படுத்தியபோது, இந்தப் பக்கம் கரவாத்தாவும் அந்தப் பக்கம் குராபிக் காடும் துண்டுபட்டுப் போகாமல் இருக்கக் கட்டியது. வாலபிகள் (சின்னக் கங்காரு வகை) அதன் மேல் நடந்து போகின்றன. மரத்துக்கு மரம் சறுக்கிப் பறக்கும் கிளைடர்கள் தாவ உயரமான கம்பங்கள், கிளையிலேயே வாழ்பவை கடக்கக் கயிற்றுப் பாலம், தரையோடு போகிறவற்றுக்கு அடியில் சுரங்க வழி. நான் 26 வருடமாக இந்தப் பக்கம் இருக்கிறேன், இன்னும் அந்த இடம் வந்தால் வண்டியை மெதுவாகத்தான் ஓட்டுகிறேன். இரண்டு பக்கமும் காடு இல்லாமல் போயிருந்தால் அந்தப் பாலத்துக்கு வேலையே இல்லை.

ஒரு விஷயத்தில் உங்கள் சந்தேகம் நியாயம். வாங்கிப் போட்டுவிட்டால் மட்டும் காடு தப்பிக்காது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கவுன்சிலின் தன்னார்வத் திட்டமான ஹேபிடேட் பிரிஸ்பேன் குழு ஒன்றோடு களை பிடுங்கப் போகிறேன். கையுறையும் கருவிகளும் கன்றுகளும் கவுன்சில் தருகிறது. நாங்கள் பிடுங்குவதில் முதலிடம் உன்னிச்செடிக்கு. ஆமாம், நம் மலைக்காடுகளை மூடிக்கொண்டிருக்கும் அதே லாண்டானா. அடுத்தது நம் வீடுகளில் வாசனைக்காக வேலி போல வளர்க்கும் வெங்காரை. இங்கே அதை 'மாக் ஆரஞ்ச்' என்று விற்கிறார்கள். பழத்தைப் பறவை தின்று விதையைக் காட்டுக்குள் போடுகிறது, அது அடர்ந்து வளர்ந்தால் யூகலிப்டஸ் அடியில் மற்ற செடிகள் முளைப்பது கஷ்டம். உங்கள் வீட்டிலும் இருந்தால் எடுத்துவிடுங்கள் தம்பி, வேண்டிக் கேட்கிறேன்.

அதனால் 'ஏன் வாங்குகிறீர்கள்' என்பதைவிட, 'இந்த வருடம் எவ்வளவு நிலம் வாங்கினீர்கள், பராமரிப்புக்கு எவ்வளவு போனது' என்று கேளுங்கள். பட்ஜெட் ஜூனில் வருகிறது. உங்கள் வார்டு கவுன்சிலருக்கு ஒரு ஈமெயில் போதும். நான் இரண்டு முறை கேட்டிருக்கிறேன், இரண்டு முறையும் பதில் வந்தது.

கேள்வி: நாங்கள் இருப்பது சிட்னி ஹார்ன்ஸ்பியில். எங்கள் பில்லில் 'கேச்மென்ட்ஸ் ரெமெடியேஷன் ரேட்' என்று இருக்கிறது. அதுவும் காட்டுக்கா?
– ஹார்ன்ஸ்பி வாசகி

பதில்: அது ஓடைக்கு அம்மா. 1994-ல் தொடங்கியது, சாதாரண ரேட்ஸில் 5 சதவீதம். ரோட்டில் விழும் மழைத் தண்ணீர் பிளாஸ்டிக்கையும் இலையையும் மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடைக்குப் போகாமல், வழியிலேயே தடுக்கும் குப்பைப் பொறிகளும், தண்ணீரை வடிகட்டும் செடிப் படுகைகளும் அந்தப் பணத்தில் அமைப்பவை. நியூ சவுத் வேல்ஸில் ரேட்ஸை வருடத்துக்கு இவ்வளவுதான் ஏற்றலாம் என்று மாநிலம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. இப்படி ஒரு தனி வரியால் அதற்கு மேல் போக வேண்டும் என்றால் கவுன்சில் தனி அனுமதி வாங்க வேண்டும். பெரிய மழை பெய்த மறுநாள் பக்கத்து ஓடை வரை பிள்ளைகளோடு நடந்து போய், பொறியில் என்ன மாட்டியிருக்கிறது என்று பாருங்கள்.