பண்டிகைக்கு ஊருக்குப் போன பிள்ளைகள்

கேள்வி: எனக்கு 24 வயது. சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். போன செப்டம்பரில் கம்போடியாவின் சியம் ரீப் நகரில் ஓர் அனாதை இல்லத்தில் மூன்று வாரம் தொண்டூழியம் செய்தேன். ஏற்பாடு செய்த நிறுவனத்துக்கு 2,000 வெள்ளி கட்டினேன். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். நடுவில் பிச்சும் பென் பண்டிகைக்குப் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டதால் நான்கு நாள் வகுப்பு இல்லை. அங்கோர் வாட் பார்த்துவிட்டு வந்தேன். ஏழு வயதுக் குழந்தை ஒருத்தி முதல் நாளே என் மடியில் ஏறிக்கொண்டாள். ஊரிலிருந்து எனக்கு இலையில் சுற்றிய பலகாரம்கூடக் கொண்டுவந்தாள். அவளோடு எடுத்த படங்களை இன்ஸ்டாகிராமில் போட்டபோது எல்லோரும் பாராட்டினார்கள். திரும்பி வருவேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு ஆறு மாதம் போக நினைக்கிறேன். அப்பாவும் அம்மாவும் சுயநலமாகத் தடுக்கிறார்கள். அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: அதற்கு நான் உதவப் போவதில்லை, மகளே. போகிற போக்கில் நீ எழுதிய ஒரு வரியைத்தான் முதலில் பேச வேண்டும்.

பிள்ளைகள் பண்டிகைக்கு ஊருக்குப் போனார்கள் என்கிறாய். யார் வீட்டுக்குப் போனார்கள்? பிச்சும் பென் என்பது கம்போடியர்கள் ஏழு தலைமுறை முன்னோருக்குச் சோறு படைக்கிற நாட்கள். பெரும்பாலும் நம் மகாளய பட்சத்தை ஒட்டியே வரும். நகரத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் சொந்தக் கிராமத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். யாருமே இல்லாத பிள்ளைக்குக் கிளம்பிப் போக எந்தக் கிராமம் இருக்கிறது?

அந்தப் பலகாரம் அனேகமாக அவர்கள் ‘நோம் அன்சோம்’ என்று சொல்கிற பண்டிகைப் பலகாரம். ஒட்டரிசிக்குள் பாசிப்பருப்பும் பன்றி இறைச்சியும், இல்லாவிட்டால் வாழைப்பழமும் வைத்து, வாழையிலையில் சுற்றி மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். ஏழு வயதுப் பிள்ளையால் செய்ய முடியாது. அவளுடைய அம்மாவோ பாட்டியோ அடுப்படியில் உட்கார்ந்து செய்து, டீச்சருக்குக் கொடு என்று கட்டிக் கொடுத்திருக்கிறாள். நீ வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாய். வீட்டில் ஆள் இருக்கும்போது இந்தப் பிள்ளை ஏன் இங்கே தூங்குகிறாள் என்று மூன்று வாரத்தில் ஒருமுறைகூட உனக்குக் கேட்கத் தோன்றவில்லையே. எனக்குக் கோபம் அங்கேதான்.

இதே கடிதம் எனக்குப் பலமுறை வந்துவிட்டது. சிலருக்கு ஊர் காத்மாண்டு, மற்றபடி எல்லாம் இதுதான். 2015-ல் கம்போடியாவில் கணக்கெடுத்தபோது 406 இல்லங்களில் 16,579 பிள்ளைகள் இருந்தார்கள். நான்கில் மூன்று பேருக்கு மேல் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறவர்கள். 2005-க்கும் 2010-க்கும் இடையில் இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியது. அந்த வருடங்களில் அங்கே போர் நடக்கவில்லை. போர் 1990-களோடு முடிந்துவிட்டது. அந்த வருடங்களில் பெருகியவர்கள் சுற்றுலாப் பயணிகள். அவர்களோடு வெளிநாட்டு நன்கொடையும் பெருகியது.

நடப்பது இதுதான். கிராமத்துக்கு ஒருவர் வருவார். பிள்ளையை அனுப்புங்கள், பள்ளிக்கூடம் உண்டு, ஆங்கிலம் உண்டு, மூன்று வேளைச் சோறு உண்டு என்பார். கடனில் இருக்கிற தாய் நம்பி அனுப்புகிறாள். பிள்ளை இருந்தால் உன்னைப் போன்றவர்கள் வருகிறீர்கள், நீங்கள் வந்தால் பணம் வருகிறது, பணம் வருகிறவரை பிள்ளையை யாரும் வீட்டுக்குத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். எல்லா இல்லக்காரர்களும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. நல்ல மனதோடு நடத்துகிற இடத்திலும் அந்தப் பிள்ளை ராத்திரி அம்மா பக்கத்தில் இல்லாமல்தான் படுக்கிறது.

முதல் நாளே மடியில் ஏறியதைப் பெருமையாக எழுதியிருக்கிறாய். வீட்டில் வளர்கிற பிள்ளை புது ஆளைப் பார்த்தால் கொஞ்சம் தயங்கும், அம்மா முகத்தைப் பார்க்கும். யாரென்று பார்க்காமல் ஒட்டிக்கொள்வது இல்லங்களில் வளரும் பிள்ளைகளிடம் ஆராய்ச்சியாளர்கள் திரும்பத் திரும்பக் கண்ட ஒன்று. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000-த்தில் தொடங்கி, இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். குடும்பங்களில் வைத்து வளர்க்கப்பட்டவர்கள் அறிவிலும் பாசப் பிணைப்பிலும் மற்றவர்களைவிடத் தேறினார்கள். உன் குழந்தைக்கு உனக்கு முன்னால் எத்தனை அக்காக்கள் வந்து, அழுது, கிளம்பிப் போனார்கள் என்று விசாரித்தாயா? ஆறு மாதம் இருந்துவிட்டு நீயும் கிளம்பத்தான் போகிறாய். மூன்று வாரப் பிரிவைவிட அது அவளுக்குப் பெரிய அடி.

பிள்ளை பெற்றவளிடம் வளர வேண்டும். அவள் இல்லாவிட்டால் பாட்டி, சித்தி, மாமா. வறுமை ஒரு பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்கக் காரணமே அல்ல. நான் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். நீ கட்டிய 2,000 வெள்ளி, அங்கே தையல் ஆலையில் வேலை செய்கிற பெண்ணுக்கு அரை வருடக் குறைந்தபட்சச் சம்பளத்துக்கும் மேல். அது அந்தத் தாயின் கைக்குப் போயிருந்தால் பிள்ளை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே போயிருக்கும்.

உன் பெற்றோரைச் சுயநலக்காரர்கள் என்கிறாய். மகள் கண்ணெதிரே இருக்க வேண்டும் என்று நினைப்பதா சுயநலம்? பலகாரம் கட்டிக் கொடுத்தவளுக்கும் அதே ஆசை இருந்திருக்கும். அவளால் முடியவில்லை. போய் உன் அம்மாவிடம் மன்னிப்புக் கேள்.

சரி, கொடுத்த வாக்கு? அதை அந்த இல்லத்துக்குப் போகாமலே காப்பாற்றலாம். இல்லத்தின் பெயர், அங்கே நீ பார்த்தது, பண்டிகைக்குப் பிள்ளைகள் வீடு போனது, எல்லாவற்றையும் சியம் ரீப் மாகாணச் சமூக நலத் துறைக்கு எழுது. புனோம் பென்னில் இருக்கிற ஃப்ரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் அமைப்புக்கும் எழுது. பிள்ளைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் அல்ல என்று 2011-லேயே பிரச்சாரம் நடத்தியவர்கள் அவர்கள். தாயை நீயே தேடிக்கொண்டு கிராமத்துக்குப் போகாதே. பேசவும் தெரியாமல் போய் நின்றால் அவளுக்குத்தான் சங்கடம். அது சமூகப் பணியாளர்களின் வேலை. வேலையை விடாதே. பிள்ளைகளைக் குடும்பத்தோடு சேர்த்து, அந்தக் குடும்பத்துக்குக் கைகொடுக்கிற அமைப்புக்கு உன் சம்பளத்திலிருந்து மாதாமாதம் அனுப்பு.

அப்புறம், இன்ஸ்டாகிராமில் போட்ட அந்தப் படங்களை இன்றைக்கே எடுத்துவிடு. அவள் அம்மாவிடம் நீ கேட்டுப் போடவில்லை.