பூங்கா வாசலிலேயே அறை எடுக்க வேண்டுமா?

கேள்வி: ஓகஸ்ட் விடுமுறையில் பிள்ளைகளைச் சிங்கப்பூருக்கு அழைத்துப் போகிறோம். நான், கணவர், 11 வயது மகன், 5 வயது மகள், 68 வயது மாமி என ஐந்து பேர். யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பூங்காவுக்கு ஒரு நாளை ஒதுக்கியிருக்கிறோம். பூங்கா இருக்கும் செந்தோசாத் தீவிலேயே ரிசோர்ட் ஹோட்டலில் தங்காவிட்டால் போயும் பயனில்லை என்று ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா விடாமல் சொல்கிறார். அவர் குடும்பத்தோடு ஒர்லாண்டோவில் அப்படித்தான் தங்கினாராம். செந்தோசாவில் ஓர் இரவுக்கு 420 சிங்கப்பூர் டொலர் என்று காட்டுகிறது. அந்தப் பக்கத்தை இணைத்திருக்கிறேன். லிட்டில் இந்தியாவில் ஐவர் தங்கும் குடும்ப அறை எல்லாம் அடங்கலாக 190 டொலருக்குக் கிடைக்கிறது. மாமிக்கு முழங்கால் வலி. மூன்று வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். என்ன செய்யலாம்?
— ஆசிரியை, கல்லடி

பதில்: லிட்டில் இந்தியாவிலேயே தங்குங்கள். மூன்று வருடம் சீட்டுக் கட்டிய பணம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே காரணங்களைக் கணக்கோடு சொல்கிறேன். அண்ணாவிடமும் காட்டலாம்.

அண்ணா சொன்னதில் பிழை இல்லை. ஒர்லாண்டோவுக்கு அது நூற்றுக்கு நூறு பொருந்தும். அங்கே டிஸ்னியின் நிலம் மட்டும் ஏறக்குறைய 100 சதுர கிலோமீற்றர். நான்கு பெரிய பூங்காக்கள் ஒன்றுக்கொன்று வாகனத்தில் போகும் தூரத்தில் இருக்கின்றன. டிஸ்னியின் சொந்த ஹோட்டல்களில் தங்குவோரை மற்றவர்களுக்கு அரை மணி நேரம் முன்பே உள்ளே விடுகிறார்கள். அதே ஊரில் யுனிவர்சலின் மூன்று உயர்தர ஹோட்டல்களில் அறை எடுத்தால், நீண்ட வரிசையைத் தவிர்க்கும் எக்ஸ்பிரஸ் அனுமதியும் அறையோடு சேர்ந்தே வருகிறது. அதைத் தனியாக வாங்கினால், கூட்டம் மிகுந்த நாட்களில் ஒரு குடும்பத்துக்கு அறை வாடகை அளவுக்கே பணம் போய்விடும். அண்ணா கொடுத்த காசுக்கு அறை மட்டுமல்ல, நேரமும் கிடைத்தது.

செந்தோசாவில் அந்தக் கணக்கு மாறுகிறது. அங்கே எக்ஸ்பிரஸ் அனுமதி தனி விற்பனை. அறைச் சாவி கையில் இருப்பதால் மட்டும் உங்கள் வரிசை குறையாது. பூங்காவும் சிறியது: சுமார் 20 ஹெக்டேயர் நிலம், நடுவில் ஒரு நீர்நிலை, அதைச் சுற்றி விளையாட்டுகள். காலையில் திறக்கும்போது போனால் ஒரே நாளில் பார்த்து முடிக்கலாம்.

தூரம் என்று பயப்படவும் ஒன்றுமில்லை. சிங்கப்பூர் நாடு முழுவதையும் சேர்த்தாலும் நம் மட்டக்களப்பு மாவட்டத்தின் பரப்பில் நாலில் ஒரு பங்குதான். லிட்டில் இந்தியா நிலையத்தில் வடகிழக்குத் தடத்து ரயிலில் ஏறினால் ஐந்தாவது நிலையம் ஹார்பர்ஃபிரண்ட். இடையில் மாற வேண்டியதில்லை. அந்த நிலையத்துக்கு மேலேயே விவோசிட்டி கடைத்தொகுதி இருக்கிறது. அதன் மூன்றாம் தளத்திலிருந்து தீவுக்குச் சிறு ரயில் ஓடுகிறது. கட்டணம் ஆளுக்கு 4 டொலர், திரும்பி வருவதற்குக் காசில்லை. அதன் முதல் நிறுத்தத்தில் இறங்கினால் பூங்கா வாசல் சில நிமிட நடை. கல்லடியிலிருந்து களுவாஞ்சிக்குடிக்குப் பஸ்ஸில் போகும் நேரத்துக்குள் போய்விடுவீர்கள். நிலையங்களில் மின்தூக்கி உண்டு, மாமி படி ஏற வேண்டியதில்லை.

இனி அந்த 420 டொலர். நீங்கள் இணைத்திருந்த பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விலைக்குப் பக்கத்தில், மங்கலான சாம்பல் நிறத்தில், இரண்டு சின்னக் கூட்டல் குறிகள் இருக்கின்றன. முதல் குறி 10 வீதச் சேவைக் கட்டணம். இரண்டாவது, 2024 ஜனவரி முதல் 9 வீதமாக இருக்கும் பொருள் சேவை வரி. வரியைச் சேவைக் கட்டணமும் சேர்ந்த தொகையின் மேல்தான் போடுவார்கள். ஆகவே 420 முதலில் 462 ஆகிறது, பிறகு 503 டொலர் 58 சதமாகிறது. நம் பணத்தில் ஓர் இரவுக்கு ஒரு இலட்சம் ரூபாயைத் தாண்டிவிட்டது.

அதோடும் முடியவில்லை. ஒரு சாதாரண அறைக்கு எத்தனை பேர் என்று பாருங்கள். பெரும்பாலான ஹோட்டல்களில் பெரியவர் இருவர், சிறுவர் இருவர் என்பதோ, பெரியவர் மூவர் என்பதோதான் எல்லை. நீங்கள் பெரியவர் மூவர், பிள்ளைகள் இருவர். இரண்டு அறை எடுக்கச் சொன்னால் தொகை 1,007 டொலர். அந்த இடத்தில் நின்று பேரம் பேச முடியாது. முன்பதிவுப் பக்கத்தில் ஐந்து பேரையும் பிள்ளைகளின் வயதோடு போட்டுப் பாருங்கள், உண்மை விலை அப்போதுதான் தெரியும்.

மாமியின் முழங்காலுக்காகவாவது வாசலில் அறை இருந்தால் நல்லது என்று நீங்கள் நினைப்பது எனக்கு விளங்குகிறது. நானும் அப்படி நினைத்தவன்தான். என் அக்காவின் கால் வீக்கத்துக்காகவே வேறொரு நாட்டில் பூங்காவை ஒட்டிய ஹோட்டலில் ஓர் இரவு அறை எடுத்தோம். காலையில் பெட்டிகளை வரவேற்பில் ஒப்படைத்துவிட்டு உள்ளே போனோம். பன்னிரண்டரை மணிக்கு அக்காவால் ஓரடி எடுத்து வைக்க முடியவில்லை. ஹோட்டலுக்குத் திரும்பினால், அறை மூன்று மணிக்குத்தான் என்றார்கள். அந்தக் கூடத்தின் பளிங்குத் தரையில் செருப்பைக் கழற்றி வைத்து, எங்கள் பயணப்பையின் மேல் காலை நீட்டி, குளிர்காற்றுக்குச் சேலைத் தலைப்பால் காதை மூடிக்கொண்டு இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அன்று நாங்கள் பணம் கொடுத்தது அவர் மதியம் படுப்பதற்காக. அந்த மதியம்தான் அறை கையில் இல்லை.

ஓரிரவுப் பதிவின் குறை இதுதான். வரும் நாளில் அறை பிற்பகல்தான் திறக்கும், போகும் நாளில் பதினொன்று, பன்னிரண்டுக்குள் பூட்டிவிடுவார்கள். இரண்டு நாளிலும் உச்சிவெயில் நேரத்தில் அறை உங்களுடையதல்ல. நடுப்பகல் ஓய்வு வேண்டுமானால் இரண்டு இரவுக்குப் பணம் கட்ட வேண்டும். லிட்டில் இந்தியாவில் நீங்கள் நாலைந்து நாள் தொடர்ந்து தங்குவதால், பூங்காவுக்குப் போகும் நாளில் முழுப் பகலும் அந்த அறை உங்கள் கையில் இருக்கும். ஒரு மணிக்கு மாமியையும் இளையவளையும் கூட்டிக்கொண்டு நீங்கள் வாடகைக் காரில் ஏறினால், வழியில் நெரிசல் இல்லாவிட்டால் அரை மணிக்குள் கட்டிலில் படுக்க வைக்கலாம். கட்டணம் 20 முதல் 30 டொலருக்குள் வரும். கணவரும் மகனும் பூங்கா மூடும்வரை இருந்துவிட்டு ரயிலில் வரட்டும். ஹோட்டல் மாறாததால் பெட்டி கட்டி அவிழ்க்கும் அரை நாளும் மிச்சம். மாலையில் மாமி சிராங்கூன் சாலையில் நடந்து வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போய்வரலாம். தேக்கா பக்கம் எங்கே திரும்பினாலும் தமிழ் கேட்கும், சோறும் கறியும் கிடைக்கும். ஐந்து நாள் வெளியூர்ச் சாப்பாடு என்று கவலைப்படும் வயதில் இருப்பவருக்கு இது சிறிய விடயமல்ல.

மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை மகனுக்கும் கணவருக்கும் எக்ஸ்பிரஸ் அனுமதி எடுக்க வைத்துக்கொள்ளலாம். மகளுக்கு வாங்க வேண்டாம். காரணம் உயரம். வீட்டுச் சுவரில் நிறுத்திப் பென்சிலால் குறித்து அளந்து பாருங்கள். 5 வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் 110 சென்ரிமீற்றரை ஒட்டியே இருப்பார்கள். அங்குள்ள மம்மி உருளோட்டத்துக்கு (ரோலர் கோஸ்டர்) 122, இரட்டைத் தண்டவாளப் பெரிய உருளோட்டத்துக்கு 125 சென்ரிமீற்றர் வேண்டும். ஏற முடியாத விளையாட்டுக்கு வரிசையைத் தவிர்க்கும் சீட்டு எதற்கு?

எக்ஸ்பிரஸ் அனுமதியே வேண்டாம் என்றும் ஆகலாம். நமக்கு ஓகஸ்ட்டில் விடுமுறை, சிங்கப்பூரில் அப்போது பள்ளிக்கூடம் நடக்கும். அவர்களுடைய நீண்ட விடுமுறைகள் ஜூனிலும், நவம்பர் நடுப்பகுதியிலிருந்து டிசம்பர் முடியவும் வருகின்றன. ஓகஸ்ட் 9 அவர்களுடைய தேசிய தினம். அதையும் அதை ஒட்டிய நாட்களையும் விட்டு, ஒரு செவ்வாயோ புதனோ பாருங்கள். டிசம்பருக்கு மட்டும் தள்ளிப் போடாதீர்கள். நம் ஊரில் வெள்ளம் கொண்டு வரும் வாடைக்காற்றுக் காலம்தான் அங்கேயும் மழைக்காலம், மின்னல் அடித்தால் வெளிப்புற விளையாட்டுகளை நிறுத்திவிடுவார்கள். விமானச் சீட்டு எடுக்குமுன் மாமாங்கேஸ்வரர் தீர்த்தம் எந்த நாளில் வருகிறது என்று மாமியிடம் கேளுங்கள். ஆடி அமாவாசையை விட்டுவிட்டு அவரை விமானத்தில் ஏற்றுவது அவ்வளவு சுலபமாக இருக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் செந்தோசாவில் ஓர் இரவு வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டால், பூங்காவுக்குப் போகும் நாளின் இரவையே எடுங்கள். மூன்று மணிக்கு அறைக்கு வந்து குளித்துப் படுத்தெழுந்து, மாலையில் மறுபடி உள்ளே போகலாம். முந்தின இரவை எடுத்தால் காலையிலேயே அறையை ஒப்படைத்துவிட்டு நாள் முழுக்க வெயிலில் நிற்க வேண்டும். எந்த ஹோட்டல் என்பதையும் வரைபடத்தில் பாருங்கள். ஒரே வளாகத்தின் பெயரில் விற்றாலும் எல்லாமே பூங்கா வாசலில் இல்லை. ஈக்குவேரியஸ் ஹோட்டல் மேற்குக் கோடியில் இருக்கிறது. முழங்கால் வலிக்காரருக்கு அந்த நடை பெரிய நடை.

கேள்வி: சிங்கப்பூர் நான்கு நாள் பயணம், ஹோட்டலும் பூங்கா டிக்கெட்டும் அடங்கும் என்று ஒரு முகவர் சொல்கிறார். முற்பணம் பாதி, திருப்பித் தர மாட்டாராம். கொடுக்கலாமா?
— அக்கரைப்பற்று வாசகர்

பதில்: ஹோட்டலின் பெயர் தாளில் எழுதப்படாதவரை ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். 'பூங்காவுக்கு அருகில் மூன்று நட்சத்திர ஹோட்டல் அல்லது அதற்கு இணையானது' என்ற வரியில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அந்த வரியை நம்பிப் போய், விமான நிலையத்துக்கு அருகே, ரயில் நிலையமே இல்லாத ஒரு தெருவில் நான்கு இரவு படுத்துவிட்டு வந்தது. முகவரிடம் கேட்டபோது 'இணையானது' என்ற சொல்லைக் காட்டினாராம்.

ஹோட்டலின் முழுப் பெயர், அறை எத்தனை, ஒரு அறையில் எத்தனை பேர், வரிகள் உள்ளே அடங்குமா, பூங்கா டிக்கெட் எந்தத் தேதிக்கு, பயணம் தடைப்பட்டால் எவ்வளவு திரும்பும் என்பதெல்லாம் பற்றுச்சீட்டிலோ அதோடு வரும் தாளிலோ இருக்க வேண்டும். தமிழில் எழுதிக் கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஹலால் உணவும் தேவை என்றால் 'ஏற்பாடு செய்யப்படும்' என்ற பேச்சை ஏற்காமல் எந்த வேளை எந்த உணவகம் என்று கேட்டு எழுத வையுங்கள். முகவர் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு பெற்றவரா என்று அனுமதிப் பத்திரத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். சொன்னதொன்று, கொடுத்ததொன்று என்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது அது. 1977 என்ற எண்ணில் அழைக்கலாம். தாள் கையில் இருந்தால்தான் அங்கே உங்கள் பேச்சுக்கு வலு.

கேள்வி: பாரிஸ் புறநகரான லா கூர்நெவில் இருக்கும் தங்கையிடம் போகிறோம். 7, 9 வயதுப் பிள்ளைகளை டிஸ்னிலாண்டுக்குக் கூட்டிப்போக இருக்கிறோம். தங்கை வீடு இருக்கும்போது அங்கே ஹோட்டல் எதற்கு என்கிறாள். அவள் சொல்வது சரியா?
— வாழைச்சேனை வாசகி

பதில்: ஒரே நாள் போவதென்றால் தங்கை சொல்வது சரி. ஆர்.ஈ.ஆர். என்ற புறநகர் ரயிலின் பி தடத்தில் ஏறி, ஷாத்லே நிலையத்தில் மார்ன்-லா-வாலே பக்கம் போகும் ஏ தட ரயிலுக்கு மாறி, கடைசி நிலையத்தில் இறங்கினால் பூங்கா வாசல். 2025 முதல், விமான நிலையப் பயணம் நீங்கலாக, பாரிஸ் பிரதேசம் முழுவதும் ரயிலுக்கு ஒரே கட்டணம் என்றாகிவிட்டது. தொடங்கியபோது 2.50 யூரோ, இப்போதும் அதைவிடச் சில சதங்கள்தான் கூடும்.

ஆனால் அங்கே இருப்பது இரண்டு பூங்கா. இரண்டையும் பார்க்க நினைத்தால் டிஸ்னியின் சொந்த ஹோட்டலில் ஓர் இரவு எடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். கல்லடி ஆசிரியைக்கு வேண்டாம் என்றவன் உங்களுக்கு வேண்டும் என்பது ஏன்? ஹோட்டலும் டிக்கெட்டும் சேர்ந்த அவர்களுடைய பொதியில், வரும் நாளுக்கும் போகும் நாளுக்கும் பூங்கா டிக்கெட் அடங்குகிறது. ஓர் இரவுக்கு இரண்டு நாள் பூங்கா. ஹோட்டலில் தங்குவோரைப் பொதுமக்களுக்கு முன்பாகவே காலையில் உள்ளே விடுகிறார்கள். சிறிய பிள்ளைகள் விரும்பும் ஓட்டங்களில் அந்த நேரத்தில் வரிசை மிகக் குறைவு. இரவு வாணவேடிக்கை முடிந்த பிறகு, உறங்கி விழும் இரண்டு பிள்ளைகளோடு ரயில் மாறி லா கூர்நெவுக்குத் திரும்புவதையும் நினைத்துப் பாருங்கள்.

டிஸ்னியின் ஹோட்டல்களில் விலை குறைந்த சாண்டா ஃபே, ஷையென் இரண்டும் வாசலிலிருந்து ஏறக்குறைய இருபது நிமிட நடை, பஸ்ஸும் ஓடுகிறது. நால்வருக்கு இரண்டு நாள் டிக்கெட்டின் விலையை முதலில் தனியாகப் பாருங்கள். பிறகு அதே இரண்டு நாளுக்கு ஓர் இரவுப் பொதியின் விலையைப் பாருங்கள். முன்னதைப் பின்னதிலிருந்து கழித்தால் வருவதுதான் அந்த அறையின் உண்மை வாடகை. வார நாட்களில், பிரெஞ்சுப் பள்ளி விடுமுறை இல்லாத வாரங்களில் இரண்டு மூன்று தேதிகளைப் போட்டுப் பார்த்து, அந்தத் தொகை குறைந்து வரும் நாளைப் பதிவு செய்யுங்கள்.