அம்மாவின் ஞாபகசக்திப் பரிசோதனையில் 30க்கு 18 வந்திருக்கிறது. இது மறதி நோயா?

18 என்ற அந்த ஒரு எண்ணை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள். பரிசோதனைத் தாளின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். எந்தப் பகுதியில் புள்ளி போயிருக்கிறது என்பதில்தான் விசயமே இருக்கிறது.

அம்மாவுக்கு 70 வயது, ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், இப்போது ஆட்களின் பெயர்களை மறக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். மணிக்கூடு வரையவும் 100இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கவும் சொன்னார்கள் என்றால் அது பெரும்பாலும் மொகா (MoCA) என்ற 30 புள்ளிப் பரிசோதனையாக இருக்கும். அதில் 26க்குக் கீழே வந்தால் மேற்கொண்டு பார்க்கவேண்டும் என்பது வழமை. 12 வருடமோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு ஒரு புள்ளி கூட்டிக் கொடுப்பார்கள். உயர்தரம் வரை படித்தவருக்கும் ஒன்று, ஐந்தாம் வகுப்போடு நின்றவருக்கும் அதே ஒன்று. இது எனக்கு நியாயமாகவே படவில்லை. பென்சில் பிடித்தே பல காலமான ஒருவரிடம் கனசதுரத்தைப் பார்த்து வரையச் சொன்னால் கை தடுமாறத்தான் செய்யும்.

நான் வைத்தியர் இல்லை. இதைப் படித்தவர்கள் வந்து பிழை பிடிக்கலாம், பிடியுங்கள். ஆனால் என் அம்மாவோடு இந்தப் பரிசோதனைகள் எல்லாவற்றிலும் பக்கத்தில் இருந்தவள் நான். எங்களுக்கு நடந்தது உங்களுக்கு நேர் எதிரானது.

என் அம்மாவுக்கு மறதி இல்லை. 1995 ஒக்டோபரில் யுத்தத்தால் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது நாவற்குழிப் பாலத்தில் யார் யார் எங்களுக்கு முன்னால் நடந்தார்கள், தென்மராட்சியில் எந்த வீட்டு விறாந்தையில் படுத்தோம், எல்லாம் சொல்லுவார். நேற்று வந்த மீன்காரர் என்ன விலை சொன்னார் என்பதும் தெரியும். ஆனால் கூழ் காய்ச்ச முடியாமல் போனது. எங்கள் சொந்தத்தில் ஒடியற்கூழ் (காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் கூழ்) என்றால் அம்மாதான். பயித்தங்காய், பலாக்கொட்டை, நண்டு, இறால், மீன் எல்லாம் வெட்டிக் கழுவி முன்னால் இருக்கும். எதை முதலில் போடுவது என்று தெரியாமல் நிற்பார். ஒடியல் மாவை ஊறவைக்காமலே சட்டியில் கொட்டப் பார்ப்பார். "என்னென்ன போடவேணும்?" என்று கேட்டால் ஒன்றுவிடாமல் சொல்லுவார். செய்யச் சொன்னால் நடக்காது. மின்சார பில்லும் அப்படித்தான், கட்டவேண்டும் என்பது தெரியும், எழும்பிப் போகமாட்டார்.

முதலில் போன இடத்தில் 1975இல் வந்த பழைய எம்எம்எஸ்ஈ (MMSE) என்ற ஞாபகப் பரிசோதனையை ஐந்து நிமிடத்தில் முடித்தார்கள். அது திகதி, இடம், மூன்று சொல் ஞாபகம் இவற்றைத்தான் அதிகம் கேட்கும். திட்டமிடுதலைத் தொடுவதே இல்லை என்று சொல்லலாம். அம்மா நல்ல புள்ளி எடுத்தார். "வயசுக்கு இது நல்லம்" என்று அனுப்பிவிட்டார்கள். கனடாவில் இருக்கிற மாமாவும் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கதைத்துவிட்டு, "அக்கா தெளிவாத்தானே கதைக்கிறா, நீ ஏன் பிள்ளை அவவை விசராக்கிறாய்?" என்றார். வீட்டை எழுதி எடுக்கத்தான் நான் இந்தப் பேச்சை எடுக்கிறேன் என்றுகூட ஒரு கதை உலாவியது. அந்த வீடு 1996இல் கூரை இல்லாமல் கிடந்தபோது ஓலை கட்டியது யார் என்று யாரும் கேட்கவில்லை. சரி, அதை விடுவோம்.

பிறகு ஒரு உளவியலாளர் ஆறுதலாக இருந்து செய்தார். ஐந்து சொற்களைச் சொல்லி, இடையில் வேறு வேலை கொடுத்து, திரும்பக் கேட்டார். அம்மா ஐந்தையும் சொன்னார். எண்ணையும் எழுத்தையும் மாறி மாறிக் கோட்டால் இணைக்கச் சொன்னபோது ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களிலேயே போய்க்கொண்டிருந்தார். அப்புறம் விஸ்கொன்சின் அட்டைகள், 1948இலிருந்து இருக்கும் பரிசோதனை. அட்டைகளை நிறத்தாலோ வடிவத்தாலோ எண்ணிக்கையாலோ பிரிக்கலாம். எது விதி என்று சொல்லமாட்டார்கள், சரி பிழை மட்டும் சொல்லுவார்கள். நாங்கள் பிடித்துக்கொண்டதும் சொல்லாமலே விதியை மாற்றுவார்கள். அம்மா நிறத்தைக் கண்டுபிடித்தார். விதி மாறிய பிறகும் நிறத்தை விடவில்லை. "இது பிழை எண்டு தெரியுது" என்று வாயால் சொல்லிக்கொண்டே அதே குவியலில் வைத்தார். கூழ்ச் சட்டிக்கு முன்னால் நான் பார்த்ததும் இதுதான்.

ஞாபகம் வேறு, நிறைவேற்றுத் தொழிற்பாடு வேறு. தொடங்குவது, ஒழுங்குபடுத்துவது, பிழைத்தால் வழியை மாற்றுவது இவை மூளையின் முன்பகுதியையும் அதை உள்ளே இணைக்கும் நரம்புப் பாதைகளையும் நம்பியிருக்கின்றன. கனகாலப் பிரஷரும் சீனியும் சின்ன இரத்தக் குழாய்களைக் கெடுக்கும்போது முதலில் அடிபடுவது பல சமயம் இந்தப் பாதைகள்தான். அம்மாவின் ஸ்கானிலும் அதுவே தெரிந்தது.

இன்னொன்று, பொதுமைப்படுத்திச் சிந்திப்பது. ரயிலுக்கும் சைக்கிளுக்கும் என்ன ஒற்றுமை என்று மொகாவில் கேட்பார்கள். இரண்டிலும் பயணம் போகலாம் என்றால் சரி, இரண்டுக்கும் சில்லு இருக்கிறது என்றால் புள்ளி இல்லை. யாழ்ப்பாணத்துக்கு 1990இல் நின்ற ரயில் 2014இல்தான் திரும்ப வந்தது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். லூரியா என்ற ரஷ்ய உளவியலாளர் 1931, 32இல் உஸ்பெகிஸ்தான் விவசாயிகளிடம் சுத்தியல், மரம் அறுக்கும் வாள், கோடரி, மரக்கட்டை நான்கையும் காட்டி எது சேராது என்று கேட்டார். கருவிகள் மூன்று, கட்டை வேறு என்று அவர்கள் பிரிக்கவில்லை. கட்டை இல்லாமல் வாளுக்கு என்ன வேலை என்றார்கள். பள்ளிக்கூடம் போனவர்கள் கட்டையைப் பிரித்து வைத்தார்கள். உங்கள் அம்மா இந்தக் கேள்வியில் புள்ளி இழந்திருந்தால் அதைப் படிப்போடு சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

ஐந்து சொற்களைத் திரும்பச் சொல்வதில் புள்ளி போயிருந்தால், குறிப்புக் கொடுத்தபோது வந்ததா என்று கேளுங்கள். "அது ஒரு நிறம்" என்றதும் வந்தால் சொல் உள்ளே பதிந்திருக்கிறது, எடுக்கத்தான் கஷ்டம். குறிப்புக் கொடுத்தும் வரவில்லை என்றால் பதிவதிலேயே குறை இருக்கலாம், அதைத்தான் கவனமாகப் பார்க்கவேண்டும்.

பரிசோதனை நடந்த இடம் அமைதியாக இருந்ததா? இங்கே அமைதி என்பதே கிடைக்காத பொருளாகிவிட்டது. எங்கள் ஊரில் திருவிழா தொடங்கினால் விடிய ஐந்து மணிக்கே ஒலிபெருக்கி. நானும் கோயிலுக்குப் போகிறவள்தான். வருத்தக்காரரும் பரீட்சை எழுதும் பிள்ளைகளும் இருக்கும் ஒழுங்கையைப் பார்த்து நான்கு குழாய் கட்டுவது எந்தப் பக்தியில் சேர்த்தி? சொன்னால் என்னைத்தான் சண்டைக்காரி என்கிறார்கள்.

காது கேட்கிறதா, கண்ணாடி போட்டிருந்தாரா என்று பாருங்கள். தைரொயிட், விற்றமின் பி12 இரத்தப் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். மனச்சோர்வும் மறதி போலவே தெரியும். ஒவ்வாமைக்கும் சிறுநீர்ப் பிரச்சினைக்கும் கொடுக்கும் சில குளிசைகளும் ஞாபகத்தைக் கெடுக்கும், எல்லாக் குளிசையையும் ஒரு பையில் போட்டு அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். கூடவே உங்கள் அம்மா முன்பு செய்து இப்போது செய்ய முடியாத வேலைகளை எழுதிக் கொடுங்கள். நான் கொடுத்த அந்த ஒரு தாளைப் படித்த பிறகுதான் அந்த உளவியலாளர் அட்டைகளையே வெளியில் எடுத்தார்.