இனிஷியல் ஒன்று, குடும்பம் வேறு

போன இதழில் 'பென்டிங்' என்ற சொல்லைப் பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பி, இ, என் என்ற மூன்று எழுத்தில் தொடங்கும் ஆங்கிலச் சொற்களைப் பற்றியவை. சரி, இந்த இதழ் முழுக்க அவற்றுக்கே. மற்ற கேள்வி அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ளாமல் அடுத்த இதழ் வரை பொறுங்கள்.

கொளத்தூர் வாசகி: ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள், "பென்சில் என்றால் குட்டிப் பென்னா அம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சரிதானே?

சரியில்லை அம்மா. ஆனால் மகள் கேட்டது நல்ல கேள்வி. பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்; நானும் தலை நரைக்கும் வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

'பென்' வந்தது லத்தீனில் 'பென்னா' என்ற சொல்லிலிருந்து. அதற்குப் பொருள் இறகு. பல நூறு வருடம் வாத்து இறகைச் சீவி, மையில் தோய்த்துத்தானே ஐரோப்பாவில் எழுதினார்கள்! நம் 'பேனா'வும் அதே இறகுதான், போர்ச்சுகீசியர் வழியாக வந்து சேர்ந்தது. இறகின் முனையைச் சீவ ஒரு சின்னக் கத்தி வைத்திருந்தார்கள். அதற்குப் பெயர் 'பென் நைஃப்'. இறகு போய்விட்டது, கத்தியின் பெயர் மட்டும் நின்றுவிட்டது. இன்று அதை வைத்து மாங்காய்தான் நறுக்குகிறோம்.

பென்சிலின் கதை வேறு. 'பெனிசில்லுஸ்' என்றால் லத்தீனில் சின்ன வால். வால் மாதிரி மயிர்க்கற்றை உள்ள தூரிகைக்கும் அதுவே பெயர். ஆக, ஆங்கிலத்தில் முதலில் பென்சில் என்றால் ஓவியரின் தூரிகை. 16-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாரோடேல் என்ற இடத்தில் நல்ல கிராஃபைட் கிடைத்தது. அதைக் குச்சியாக அறுத்து எழுத ஆரம்பித்தார்கள். தூரிகையின் பெயர் மெல்ல அந்தக் குச்சிக்கு மாறியது. அதை ஈயம் என்று தப்பாக நினைத்ததால் 'லெட் பென்சில்' என்று வேறு பெயர் வைத்தார்கள். ஈயம் அதில் துளிகூடக் கிடையாது.

பென்சிலின் சொந்தக்காரர் யார் தெரியுமா? பெனிசிலின். அந்த மருந்து ஒரு பூஞ்சையிலிருந்து கிடைத்தது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அந்தப் பூஞ்சை சின்னத் தூரிகை போல இருந்ததால் அதற்குப் 'பெனிசிலியம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். 1928-ல் லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் அதன் சாறு கிருமியைக் கொல்வதைக் கவனித்து, அந்தச் சாற்றுக்குப் பெனிசிலின் என்று பெயரிட்டார். மகளின் பென்சில் பாக்ஸில் பேனாவும் பென்சிலும் ஒட்டிக்கொண்டு கிடக்கலாம். ஆனால் பென்சிலுக்குப் பங்காளி ஆஸ்பத்திரியில் இருக்கிறது. எதிர்வீட்டுக்காரருக்கும் நமக்கும் இனிஷியல் 'கே' என்பதற்காக அவர் நம் சித்தப்பா ஆகிவிடுவாரா?

அம்பத்தூர் வாசகர்: பென்டிங், பென்டன்ட், பென்ஷன், பென்சிவ் எல்லாம் ஒரே வேரா? பென்ஷனுக்கு அலைந்த எனக்குப் பென்ஷனும் பென்டிங்கும் ஒன்றாகத்தான் படுகிறது.

ஐயா, நீங்கள் கிண்டலாகக் கேட்டது அப்படியே உண்மை. இவை ஒரே குடும்பம்.

லத்தீனில் 'பென்டெரே' என்று, உச்சரிப்பில் மயிரிழை வித்தியாசத்தோடு, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு வினைகள். ஒன்றுக்குத் தொங்குவது என்று பொருள், மற்றதற்கு எடை போடுவது. பழைய தராசை நினைத்துப் பாருங்கள், தட்டைத் தொங்கவிட்டால்தானே எடை போட முடியும்! கழுத்தில் தொங்குவது பென்டன்ட். முடிவாகாமல் தொங்குவது பென்டிங். கடிகாரத்தில் தொங்கி ஆடுவது பென்டுலம். நாணயம் புழங்குவதற்கு முன்னால் ரோமில் உலோகத்தை எடை போட்டுத்தான் கடன் தீர்த்தார்கள். அதனால் எடை போடுவது பணம் கொடுப்பதாக மாறி, 'பென்ஸியோ' என்று ஆகி, பென்ஷனாக உங்கள் பாஸ்புக்குக்கு வந்திருக்கிறது. மனதுக்குள் எடை போட்டுப் பார்க்கிற ஆள் பென்சிவ், அதாவது சிந்தனையில் ஆழ்ந்தவர்.

தொங்குவதும் எடை போடுவதும் யோசிப்பதும் எப்படி ஒரே சொல்லில் அடங்கும் என்று யாராவது கேட்டால், தமிழில் 'தூக்கு' என்ற சொல்லைக் காட்டுங்கள். தூக்குவாளி தொங்குகிறது. தூக்கணாங்குருவியின் கூடு தொங்குகிறது. தராசில் வைத்து நிறுப்பதற்கும் தூக்குவது என்றே பெயர். அப்புறம், எதையும் சீர்தூக்கிப் பார் என்கிறோமே, அது யோசிப்பது. லத்தீன்காரன் போன வழியில் நாமும் போயிருக்கிறோம், ஒருவரை ஒருவர் கேட்காமலே. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு இரவு தூக்கம் வரவில்லை. (தூக்கத்துக்கும் தூக்குக்கும் உறவுண்டா என்று அடுத்த கடிதம் போடாதீர்கள்!)

ஆர்டர்களில் 'சஸ்பெண்டட் பென்டிங் என்கொயரி' என்று வரும். இதில் பென்டிங் என்றால் 'பாக்கி' இல்லை, 'விசாரணை முடியும் வரை' என்று அர்த்தம். சஸ்பெண்ட் என்பதும் மேலே தொங்கவிடுவதுதான். ஆக, விசாரணை தொங்கும் வரை ஆளும் தொங்குகிறான்.

நான் தம்புச்செட்டித் தெருவில் ஒரு வக்கீல் ஆபீஸில் 31 வருடம் டைப் அடித்தவன். எனக்குப் பென்ஷன் கிடையாது. ஆனால் அண்ணன் போன பிறகு அண்ணிக்குக் குடும்பப் பென்ஷன் வரவேண்டியிருந்தது. அது 14 மாதம் தொங்கியது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். சர்வீஸ் புத்தகத்தில் அண்ணியின் பெயருக்கு முன்னால் அண்ணன் இனிஷியல், ஆதாரில் அவர் அப்பா இனிஷியல். இரண்டும் ஒரே ஆள் என்று அண்ணி நோட்டரியிடம் அஃபிடவிட் வாங்கிக் கொடுத்தார். அந்த அஃபிடவிட்டில் தேதி இல்லை என்று அதையும் திருப்பி அனுப்பினார்கள். எந்த ஆபீஸ் என்று சொல்லமாட்டேன், அண்ணிக்கு இன்னும் மாதா மாதம் அங்கிருந்துதான் பணம் வரவேண்டும்.

அந்தப் படிவத்தில் 'டிபென்டன்ட்' என்று ஒரு கட்டம் இருந்தது. இதுவும் தொங்குகிற குடும்பம்தான், ஒருவரைப் பிடித்துத் தொங்குபவர். பிரிட்டிஷ் வழக்கில் ஆளைச் சொன்னால் கடைசியில் ஏ-என்-டி, 'சார்ந்த' என்ற தன்மையைச் சொன்னால் இ-என்-டி. அமெரிக்கர்கள் இரண்டுக்கும் இ போட்டுவிடுவார்கள். நம் படிவங்களில் இரண்டும் கலந்து கிடக்கும், அதற்காகப் பயப்படாதீர்கள்.

பயப்பட வேண்டியது வேறு இடத்தில். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம், ஒரு வழக்கில் பிரதிவாதியைக் குறிக்கும் 'டிஃபென்டன்ட்' என்ற சொல்லை ஏழு இடத்தில் எஃப்புக்குப் பதில் பி போட்டு அடித்துவிட்டேன். வாதி மேல் சார்ந்து வாழ்பவர் ஆகிவிட்டார் பிரதிவாதி! எங்கள் சீனியர் சிவப்புப் பென்சிலால் ஏழையும் வட்டமிட்டு, "தம்பி, இந்த ஆளுக்கு நம்ம கட்சிக்காரர் சோறு போடறாரா?" என்று மட்டும் கேட்டார். கார்பன் வைத்து நாலு காப்பி, பதினோரு பக்கம், முதலிலிருந்து அடித்தேன். பார்க்க ஒரே அச்சாக இருக்கும் அந்த இரண்டு சொல்லுக்கும் பிறப்பில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

வேளச்சேரி வாசகி: 'கஸ்டமர் திருப்திதான் நம் பெனல்டிமேட் இலக்கு' என்று எங்கள் டீம் லீட் மெயில் போட்டார். அல்டிமேட்டை விடப் பெரியதா பெனல்டிமேட்?

பெரியதில்லை, ஒரு படி குறைவு. 'கடைசிக்கு முந்தின' என்றுதான் அர்த்தம். அதாவது, கஸ்டமர் திருப்திக்குப் பிறகும் இன்னொன்று பாக்கி இருக்கிறது என்கிறார். சம்பள உயர்வாக இருந்தால் நல்லதுதான்.

இந்தப் பென் இன்னொரு குடும்பம். 'பைனே' என்றால் லத்தீனில் 'ஏறக்குறைய'. ஏறக்குறையக் கடைசி. பீச்சிலிருந்து தாம்பரம் போகும் வண்டியில் பெனல்டிமேட் ஸ்டேஷன் சானடோரியம். திரும்பி வரும்போது கோட்டை. நான் மாம்பலத்தில் ஏறி பீச்சில் இறங்குவேன். கோட்டை வந்ததும் எழுந்து வாசலுக்கு நகர்ந்தால்தான் சரியாக இருக்கும்.

பெனின்சுலா இதே ஆள்தான். 'இன்சுலா' தீவு, ஏறக்குறையத் தீவு. மூன்று பக்கம் கடல், ஒரு பக்கம் மட்டும் நிலத்தோடு ஒட்டு. நாம் 'தீபகற்பம்' என்கிறோம் அல்லவா? பள்ளிக்கூடத்தில் கர்ப்பம் என்று நினைத்துச் சிரித்திருப்போம். அது சமஸ்கிருதத்தில் 'துவீப', 'கல்ப' என்ற இரண்டு சொல். 'கல்ப' என்று பின்னால் சேர்த்தால் 'கிட்டத்தட்ட அதைப் போன்ற' என்று பொருள். இதுவும் ஏறக்குறையத் தீவுதான்.

திருவொற்றியூர், சட்டக் கல்லூரி மாணவர்: பெனால்டியில் 'பெ' என்கிறோம், பீனல் கோடில் 'பீ' என்கிறோம். எது சரி?

இரண்டும் சரி. ஆங்கிலத்தில் எழுத்து ஒரு பக்கம் போகும், வாய் ஒரு பக்கம் போகும். தண்டனைக்கு லத்தீன் சொல் ஒன்று உண்டு, அதற்கும் மூலம் கிரேக்கத்தில் கொலைக்கு ஈடாகக் கொடுக்கும் பணம். அந்தச் சொல்லிலிருந்து வந்தவை இவை. கோர்ட்டில் சாட்சிக்கு அனுப்புகிற 'சப்பீனா'வின் பின்பாதியும் அதுதான். வராவிட்டால் தண்டனை உண்டு என்று பெயரிலேயே மிரட்டல். முட்டி வலிக்கும்போது 'பெயின்' என்கிறோமே, அதுவும் இங்கிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததே.

1860-ல் இயற்றிய இந்தியன் பீனல் கோடின் இடத்துக்கு 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. பெயரில் பீனல் போய் நியாயம் வந்திருக்கிறது. 302 என்றால் கொலை, 420 என்றால் மோசடி என்று கைவிரல்களுக்கே மனப்பாடம் எனக்கு. நீங்கள் புது எண்களை மனப்பாடம் செய்யுங்கள்.

பம்மல் வாசகர்: பென்டகன், ப்ளே பென்?

பென்டகனில் இருப்பது கிரேக்க 'பென்டே', ஐந்து. ஐங்கோணம், அவ்வளவுதான். குழந்தையை விட்டு வைக்கும் ப்ளே பென்னில் இருப்பது பழைய ஆங்கிலச் சொல், பட்டி. ஆட்டுப்பட்டி மாதிரி. மனதில் அடைத்து வைத்த கோபத்துக்குப் 'பென்ட் அப்' என்பார்கள், பட்டியில் அடைத்த கோபம்.

சோழிங்கநல்லூர் வாசகர்: அடுக்குமாடியில் மேல்தளத்தைப் பென்ட்ஹவுஸ் என்று கூவி விற்கிறார்கள். ஐந்து வீடு என்று அர்த்தமா? முன்பணம் கட்டலாமா?

ஐந்தும் இல்லை, ஹவுஸும் இல்லை. இது அந்தத் தொங்குகிற குடும்பத்தின் ஏழைப் பங்காளி. பழைய பிரெஞ்சில் 'அப்பென்டிஸ்' என்றால் பெரிய கட்டடத்தின் சுவரில் சாய்த்துக் கட்டிய சாய்ப்பு. விறகு போட, மாடு கட்ட. புத்தகத்தின் பின்னால் தொங்குகிற அப்பென்டிக்ஸ், வயிற்றில் தொங்குகிற அப்பென்டிக்ஸ், எல்லாம் இதே சொல். ஆங்கிலேயர் வாயில் முதல் எழுத்து உதிர்ந்து 'பென்டிஸ்' ஆனது. கடைசியில் கேட்ட 'டிஸ்' என்ன என்று புரியாமல், கட்டடம்தானே என்று 'ஹவுஸ்' என்று மாற்றிவிட்டார்கள். நம் ஊரில் பார்லியமென்ட் 'பாராளுமன்றம்' ஆனது போல. அப்புறம் அமெரிக்காவில் உயரக் கட்டடங்களின் உச்சியில் கட்டிய சின்னக் கூரைக்கு அந்தப் பெயரை வைத்தார்கள், அங்கே பணக்காரர்கள் குடியேறினார்கள், சாய்ப்புக்கு மவுசு வந்துவிட்டது.

முன்பணம் கட்டுவது உங்கள் இஷ்டம், நான் டைப்பிஸ்ட், வக்கீல் இல்லை. ஒன்று மட்டும் கேளுங்கள். மொட்டை மாடி உங்களுக்கு மட்டுமா, எல்லோருக்கும் பொதுவா என்று பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். பொது என்றால், உங்கள் தலைக்கு மேலே பத்து வீட்டு வடகமும் காயும்.