மாம்பிஞ்சும் மாநாட்டுக் கணக்கும்

கேள்வி: வெயிலில் மாம்பிஞ்சு கொட்டுகிறது. புகையைக் கக்கி, பூமியைச் சூடாக்கி வளர்ந்தவை பணக்கார நாடுகள். நம்மிடம் மட்டும் ‘நிலக்கரியைக் குறை’ என்பது நியாயமா?
– மாந்தோட்டக்காரர், காவேரிப்பட்டணம்

பதில்: நியாயமே இல்லை. தலைக்கணக்கில் ஓர் அமெரிக்கர் வெளியிடும் கரியமில வாயு நம்மைவிடப் பல மடங்கு. 2020 முதல் ஏழை நாடுகளுக்கு ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாக 2009இல் கோபன்ஹேகன் பருவநிலை மாநாட்டில் பணக்கார நாடுகள் வாக்குக் கொடுத்தன. அந்தத் தொகையை எட்டியதே 2022இல்தான்; அதிலும் பெரும்பகுதி கடன்! 2021இல் கிளாஸ்கோ மாநாட்டுத் தீர்மானத்தில் நிலக்கரியை ‘ஒழிப்பது’ என்றிருந்ததை ‘குறைப்பது’ என்று இந்தியா மாற்ற வைத்தபோது நானும் கைதட்டியவன்தான்.

ஆனால் போன மார்ச்சில், தருமபுரியில் என் வீட்டுப் பெங்களூரா மாமரத்தடியைப் பெருக்கினேன். புளியங்கொட்டை அளவுப் பிஞ்சுகள், காம்போடு, ஒரு முறம் நிறைய. டெல்லி அரசு வாதத்தில் ஜெயித்தது மரத்துக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்க, அதாவது வெளியிடும் கரியமில வாயுவுக்கு ஈடாக அதை உறிஞ்சியும் விட, நாம் வைத்திருக்கும் கெடுவோ 2070.

புகை இல்லாமல் தொழில் வராது என்றும் இனிச் சொல்ல முடியாது. உங்கள் மாவட்டத்துப் போச்சம்பள்ளியிலேயே மின்சார ஸ்கூட்டர் தயாராகிறது. பணத்துக்காக நம் அரசுக்காரர்கள் மாநாட்டில் மல்லுக்கட்டட்டும். நீங்கள் சொட்டுநீர் மானியத்துக்கு மனு கொடுத்துவிட்டீர்களா?