கன்டெய்னருக்குள் தரவுத்தளம்: எல்லையோர வாசகர்களின் கேள்விகள்

மண்டிக் கணக்கு முழுவதையும் டாக்கர் என்ற மென்பொருளின் கன்டெய்னரில் (நிரல்கள் தனியாக ஓடும் பெட்டி போன்ற சூழல்) ஓடிய மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் வைத்திருந்தேன். கன்டெய்னரை நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கியதும் மூன்று மாதக் கணக்கைக் காணவில்லை. மீட்க முடியுமா?
(தேங்காய் மண்டிக் கணக்குப்பிள்ளை, கொழிஞ்சாம்பாறை)

பெரும்பாலும் முடியும், ஆனால் கன்டெய்னருக்கு வெளியே தரவைக் காக்கும் சேமிப்பிடங்களான வால்யூம்களில் பயன்படாதவற்றைத் துடைக்கும் புரூன் கட்டளையை எக்காரணம் கொண்டும் இப்போது இயக்காதீர்கள். மைஎஸ்கியூஎல்லின் அதிகாரபூர்வ இமேஜ் (கன்டெய்னரை உருவாக்கும் அச்சு), நீங்கள் எதுவும் குறிப்பிடாவிட்டாலும், தரவுக் கோப்புறைக்கெனப் பெயரில்லாத ஒரு வால்யூமை உருவாக்கிக்கொள்கிறது. கன்டெய்னரைச் சாதாரணமாக நீக்கினால் அந்த வால்யூம் வட்டிலேயே கிடக்கும். புதிய கன்டெய்னரோ அதைத் தேடிப் போகாமல் வேறொரு வெற்று வால்யூமை எடுத்துக்கொள்ளும். ஆகவே வால்யூம் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றும் உருவான தேதியைப் பார்த்து, மூன்று மாதங்களுக்கு முந்தையதைக் கண்டுபிடித்து, முதலில் அதற்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு, பின்னர் அதே பதிப்பு மைஎஸ்கியூஎல்லுடன் இணைத்துப் பாருங்கள். ஒரே கோப்புறையில் இரண்டு கன்டெய்னர்கள் ஒரே நேரத்தில் ஓடக் கூடாது. கடவுச்சொல்லும் பழையதுதான் செல்லும். நின்றவுடன் தானே அழியும் விருப்பத்தோடு கன்டெய்னரைத் தொடங்கியிருந்தாலோ, வால்யூமையும் சேர்த்து நீக்கச் சொல்லியிருந்தாலோ மட்டும் அந்த வால்யூமும் கூடவே போயிருக்கும். அப்போது பேக்கப்பைத் தவிர வேறு கதி இல்லை.

கன்டெய்னர் என்பது களம், வால்யூம் என்பது பத்தாயம். பாலக்காட்டு விவசாயி யாரும் நெல்லைக் களத்திலேயே விட்டுவிட்டு உறங்கப் போவதில்லை. இனியாவது பத்தாயத்துக்கு ஒரு பெயர் சூட்டி, தொடக்கக் கட்டளையிலேயே எழுதி வையுங்கள்.

மழைக்காலத்தில் மின்சாரம் அடிக்கடி போகிறது. கன்டெய்னருக்குள் இருப்பதால் தரவு எளிதில் கெட்டுவிடுமா?
(ஏலக்காய் வியாபாரி, குமுளி)

கன்டெய்னரால் கூடுதல் ஆபத்து இல்லை. லினக்ஸில் வால்யூமுக்குள் எழுதப்படுபவை நேராகக் கணினியின் கோப்பு முறைமைக்கே செல்கின்றன; மைஎஸ்கியூஎல்லின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபியும் போஸ்ட்கிரஸ் என்ற இன்னொரு தரவுத்தளமும் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் பதிவேட்டில் எழுதுவதால், மின்சாரம் திரும்பியதும் அதைப் படித்துத் தம்மைச் சரிசெய்துகொள்கின்றன. நான் கவலைப்படுவது வேறு இரண்டைப் பற்றி. நிறுத்தச் சொன்னபின் டாக்கர் இயல்பாக 10 விநாடிகளே காத்திருக்கும். அதன்பின் வலுக்கட்டாயமாகக் கொன்றுவிடும். பெரிய தரவுத்தளத்துக்கு அந்த அவகாசத்தை ஒன்றிரண்டு நிமிடங்களாக உயர்த்துங்கள். மற்றது, தரவுத்தளம் ஓடிக்கொண்டிருக்கும்போது கோப்புறையை அப்படியே நகலெடுத்துவிட்டு அதைப் பேக்கப் என்று நம்புவது. பாதி எழுதிய நிலையில் அகப்பட்ட கோப்புகள் மீட்கும் நாளில் கைவிட்டுவிடும். மைஎஸ்கியூஎல்டம்ப் அல்லது போஸ்ட்கிரஸின் பிஜிடம்ப் என்ற பேக்கப் கருவி வழியாக எடுத்து, வேறொரு கட்டடத்தில் வையுங்கள். மாதத்துக்கு ஒருமுறையாவது அதிலிருந்து மீட்டுப் பாருங்கள்.

அமைப்புக் கோப்பில் கடவுச்சொல்லை மாற்றினேன். பழைய கடவுச்சொல்லே வேலை செய்கிறது.
(மாணவி, சித்தூர், பாலக்காடு)

தரவுக் கோப்புறை காலியாக இருக்கும் முதல் தொடக்கத்தில் மட்டுமே, அமைப்புக் கோப்பில் கடவுச்சொல்லைத் தரும் அந்த மாறி படிக்கப்படும். தரவுத்தளத்துக்குள் நுழைந்து, ஆல்ட்டர் யூசர் கட்டளையால் மாற்றுங்கள்.

போஸ்ட்கிரஸ் இமேஜின் 'லேட்டஸ்ட்' பதிப்பை இறக்கியபின் கன்டெய்னர் எழவே மறுக்கிறது.
(வெல்ல வியாபாரி, மறையூர்)

தரவு அழியவில்லை, ஒரு முதன்மைப் பதிப்பின் கோப்புகளை அடுத்த முதன்மைப் பதிப்பால் நேராகப் படிக்க முடியாது, அவ்வளவுதான். பழைய பதிப்பின் எண்ணைக் குறிப்பிட்டுத் தொடங்கி, பிஜிடம்ப் எடுத்து, புதிய பதிப்பின் வெற்று வால்யூமில் ஏற்றுங்கள். 18ஆம் பதிப்பின் அதிகாரபூர்வ இமேஜில் வால்யூமை இணைக்கும் பாதையே மாறிவிட்டது என்பதையும் கவனியுங்கள். தரவுத்தளத்துக்கு 'லேட்டஸ்ட்' என்று எழுதுவது, என்னைக் கேட்டால், சோம்பேறித்தனம்.

யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் 3306 போர்ட்டை (மைஎஸ்கியூஎல்லின் இணைப்பு வாசல்) மூடியிருக்கிறேன்; ஆனாலும் வெளியிலிருந்து திறக்கிறது.
(லாரி செட் உரிமையாளர், வாளையார்)

வெளியிடப்படும் போர்ட்டுகளுக்கான விதிகளை டாக்கர் தானே லினக்ஸின் பிணைய விதிப் பட்டியலான ஐபிடேபிள்ஸில் எழுதுகிறது. அவை உங்கள் ஃபயர்வால் விதிகளைச் சுற்றிக்கொண்டு போய்விடும். போர்ட் எண்ணுக்கு முன்னால் 127.0.0.1 (இந்தக் கணினியிலிருந்து மட்டும் என்று பொருள்) என்று சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் செயலியும், நீங்களே உருவாக்கிய அதே டாக்கர் நெட்வொர்க்கில் கன்டெய்னராக ஓடினால், போர்ட்டை வெளியிடவே வேண்டாம். கன்டெய்னரின் பெயரைச் சொல்லியே இணையலாம்.