தண்ணீர்மலைப் படியேறும்போது கைக்கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பை நம்பலாமா?

அடைபட்ட இதயக் குழாயை விரித்து வைக்கும் ஸ்டென்ட் பொருத்திக்கொண்ட உங்கள் அப்பா, துடிப்பு 120ஐத் தாண்டக் கூடாது என்ற மருத்துவரின் கட்டளையோடு பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளை ஏற விரும்புகிறார், அதைக் கண்காணிக்கக் கைக்கடிகாரம் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உட்கார்ந்திருக்கும்போதும் சமதரையில் ஒரே வேகத்தில் நடக்கும்போதும் போதும்; படியேற்றத்தில், அதிலும் முதல் சில நிமிடங்களில், போதாது. நான் மருத்துவன் அல்லன். மூன்று ஆண்டுகளாகக் கையில் கடிகாரமும் மார்பில் துடிப்பை அளக்கும் பட்டையுமாக இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவரும், சற்றே கிறுக்குப் பிடித்த பினாங்குவாசி.

கடிகாரத்தின் அடியில் மின்னும் பச்சை ஒளியை இரத்தம் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலடி இரத்தம் கூடிக் குறைவதால், திரும்பி வரும் ஒளியும் அதற்கேற்ப மாறுகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் கடிகாரம் துடிப்பைக் கணிக்கிறது. சிக்கல் என்னவென்றால், கை வீசும்போதும் இதே ஏற்ற இறக்கம் ஏற்படும். யூத் பார்க்கில் நான் மெதுவோட்டம் ஓடிய ஒரு காலையில் மார்புப் பட்டை 128 என்று காட்ட, கடிகாரம் 164இலேயே நின்றது. எண்ணிப் பார்த்தால், நிமிடத்துக்கு நான் வைத்த அடிகளும் ஏறக்குறைய அத்தனையே. மார்புப் பட்டை இதயத்தின் மின்னலைகளையே பிடிப்பதால் இந்தக் குழப்பம் அதற்கு மிகக் குறைவு.

படியேற்றத்தில் தவறு எதிர்த்திசையில் போகிறது, உங்கள் அப்பாவுக்கு ஆபத்தானதும் அதுவே. துடிப்பு சட்டென்று ஏறும்போது, சில நொடிகளின் சராசரியைக் காட்டும் கடிகாரம் பின்தங்கிவிடும். போதாததற்கு, கைப்பிடிக் கம்பியை இறுகப் பற்றினால் மணிக்கட்டுத் தசைநாண்கள் விறைத்து ஒளி அளவீடு இன்னும் கெடும். நான் ஏறியபோது பாதி வழியில் பட்டை 138, கடிகாரம் 109. நின்று மூச்சு வாங்கியபோது பட்டை இறங்கத் தொடங்க, கடிகாரமோ அப்போதுதான் 130ஐத் தொட்டது.

நம் கருத்த தோலால் அளவு பிழைக்குமா என்று பலர் கேட்கிறார்கள். டியூக் பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்ட ஆய்வில் தோல் நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. அசைவின்போதுதான் பிழை, ஓய்வில் இருப்பதைவிடச் சராசரியாக 30 விழுக்காடு கூடியது. பச்சை குத்திய இடம் வேறு கதை, அந்த மை ஒளியை மறித்துவிடும். நம்மூர்ப் புழுக்கத்தில் வார் நனைந்து, நழுவி, எலும்பின் மேல் வந்து உட்காருவதும் வழக்கம். மணிக்கட்டு எலும்புக்கு இரு விரற்கடை மேலே, நகராதபடி கட்டச் சொல்லுங்கள். கலோரிக் கணக்கைப் பார்க்கவே வேண்டாம். ஸ்டான்ஃபோர்டு 2017இல் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, அவற்றுள் மிகச் சிறந்ததே அதில் சராசரியாக 27 விழுக்காடு பிசகியது.

துடிப்பு ஒழுங்கற்று இருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: வலுவற்ற சில துடிப்புகள் மணிக்கட்டு வரை எட்டுவதே இல்லை, ஆகவே கடிகாரம் மட்டுமன்றி நாடி பிடிக்கும் விரலும் குறைத்தே எண்ணும். அத்தகையவருக்கு இதயத்தின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் ஈசிஜிதான் சரியான அளவுகோல்.

அப்பா ஏறுவதற்கு மருத்துவர் சம்மதித்தால், மார்புப் பட்டை ஒன்று வாங்கிக் கொடுங்கள். அதுவரை சில படிகளுக்கு ஒருமுறை நின்று, மறுகையில் 15 நொடி நாடியை எண்ணி நான்கால் பெருக்கிக்கொள்ளட்டும். நின்ற உடனே எண்ண வேண்டும், தாமதித்தால் எண் இறங்கிவிடும். அடுத்த ட்ரெட்மில் சோதனைக்கு, அனுமதி கேட்டுக்கொண்டு, கடிகாரத்தையும் கட்டிச் செல்லட்டும். ஈசிஜித் திரையில் 120 வரும் நேரத்தில் கடிகாரத்தில் எவ்வளவு என்பதை, அவர் கைப்பிடியைப் பிடித்திருக்கும்போது ஒருமுறையும் விட்டிருக்கும்போது ஒருமுறையும், நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள்.